பிளான் பாஸ் ஆகாது என்பதற்காக ராத்தாவின் பங்கு இல்லாமற் போகாது

ஒருகொடவத்தையில் எங்கள் வாப்பா விட்டுச் சென்றது 12 பேர்ச் காணியும் அதில் ஒரு பழைய வீடும்தான். வாப்பா வபாத்தாகிச் சில மாதங்களில் நானாவும் நானும் ஒரு நில அளவையாளரை அழைத்துக் காணியைக் காட்டினோம். டேப்பை இழுத்துப் பார்த்தவர், பழைய பிளானையும் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதை ஐந்தாறு துண்டாகப் பிரித்தால் பிளான் பாஸ் ஆகாது” என்றார்.

அன்று மாலை அதை ராத்தாவிடம் போய்ச் சொன்னது நான்தான். “காணியப் பிரிக்க ஏலாதாம் ராத்தா. அதனால பொம்பளப் பிள்ளைகளுக்குப் பங்கு எண்டு ஒண்டும் எழுத ஏலாது.”

ராத்தா கோபப்படவில்லை. “தம்பி, எனக்கு மண் வேணாம். வாப்பா எனக்கு என்ன வச்சிட்டுப் போனார் எண்டு ஒரு கடுதாசியில இருந்தாப் போதும்” என்று மட்டும் சொன்னார்.

நான் சொன்னதில் முதல் பாதி சரி. சிறு காணியைத் துண்டாடுவதற்கு இந்நாட்டில் சட்டத் தடை உண்டு. இரண்டாம் பாதி மார்க்கத்திலும் இல்லை, நாட்டுச் சட்டத்திலும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, எத்தனையோ வீடுகளில் சகோதரிகளின் உரிமை ஆண்டுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே காணிப் பிரிப்பு பற்றிய விதிமுறைகள் என்ன, அவை எதைத் தடுக்கின்றன, எதைத் தடுக்கவில்லை என்பதை எங்கள் குடும்ப அனுபவத்தை வைத்து எழுத நினைத்தேன். நான் சட்டத்தரணி அல்ல. எந்த உறுதியில் கையெழுத்திடுவதற்கு முன்பும் ஒரு நொத்தாரிஸையும் பதிவு பெற்ற நில அளவையாளரையும் கலந்தே முடிவெடுக்க வேண்டும்.

ஒருகொடவத்தையின் நிலைமை

கொழும்பு மாநகர எல்லையும் கொலன்னாவை எல்லையும் உரசிக்கொள்ளும் இடம் எங்கள் ஊர். பேஸ்லைன் வீதி, அவிசாவளை செல்லும் லோ லெவல் வீதி, களனி கங்கை, கொள்கலன் களஞ்சியங்கள் எல்லாம் நெருங்கி இருக்கின்றன. 2021 நவம்பர் 24ஆம் திகதி புதிய களனிப் பாலம் திறக்கப்பட்டது. பேலியகொடையிலிருந்து வரும் அந்த மேம்பாலத்தின் ஒரு கை ஒருகொடவத்தையில் இறங்குகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பேர்ச் நிலமும் பெரிய விடயம்தான். வாப்பாமார் 10, 12, 15 பேர்ச் என்று வாங்கிப் போட்ட காணிகள் இன்று மூன்றாம் தலைமுறைக்கு வந்திருக்கின்றன. பிள்ளைகளின் தொகை கூடியது. காணி அதே அளவில் இருக்கிறது.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது, நம் காணி எந்த சபையின் கீழ் வருகிறது என்பது. அடுத்தடுத்த ஒழுங்கைகள் கூட வெவ்வேறு சபைகளுக்கு உரியவையாக இருக்கலாம். வரிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் கொழும்பு மாநகர சபையா, கொலன்னாவை நகர சபையா என்று தெரியும். விண்ணப்பம் அந்த சபைக்கே போக வேண்டும்.

விதிமுறை என்ன சொல்கிறது?

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவாக்கப்பட்டது. நாம் யூ.டீ.ஏ. என்று சொல்வது அதைத்தான். அந்தச் சட்டத்தில் “அபிவிருத்தி நடவடிக்கை” என்ற சொல்லுக்குக் கொடுக்கப்பட்டுள்ள விளக்கம் முக்கியமானது. வீடு கட்டுவது மட்டும் அபிவிருத்தி அல்ல. காணியைத் துண்டு துண்டாகப் பிரிப்பதும் அபிவிருத்தி நடவடிக்கையே. ஒரு கல்லும் வைக்காமல் காணியை இரண்டாகப் பிரித்தாலும் அனுமதி தேவை. 1982இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் அனுமதிப் பத்திரம் இன்றி எந்த அபிவிருத்தி நடவடிக்கையும் செய்யக் கூடாது. மீறிக் கட்டினால் அறிவித்தல் கொடுத்து, அதற்கும் அடங்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளை பெற்று இடிப்பதற்கும் சட்டத்தில் வழி உண்டு. இந்த அதிகாரத்தின் ஒரு பகுதியை யூ.டீ.ஏ. உள்ளூராட்சி சபைகளிடம் ஒப்படைத்திருப்பதால்தான் நாம் மாநகர சபைக்கும் நகர சபைக்கும் போகிறோம்.

அளவுகளை நிர்ணயித்தவை 1986 மார்ச் 10ஆம் திகதி வர்த்தமானியில் வெளியான திட்டமிடல், கட்டட விதிமுறைகள். 2021 ஜூலை 8ஆம் திகதி புதிய திட்டமிடல், அபிவிருத்தி விதிமுறைகள் வர்த்தமானியில் வந்தன. இன்று விண்ணப்பிப்பவர்கள் புதியதையும், தம் பகுதிக்கென அபிவிருத்தித் திட்டம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். நம் மக்கள் மனதில் பதிந்திருக்கும் அளவுகள் 1986இல் வந்தவை. ஒரு மனையின் ஆகக் குறைந்த பரப்பு 150 சதுர மீற்றர். அகலம் ஆகக் குறைந்தது 6 மீற்றர். ஒரு பேர்ச் என்பது 25.29 சதுர மீற்றர், அதாவது 272.25 சதுர அடி. கணக்குப் பார்த்தால் 150 சதுர மீற்றர் ஏறத்தாழ 5.93 பேர்ச் வரும். “ஆறு பேர்ச்சுக்குக் குறைந்தால் பாஸ் ஆகாது” என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

பரப்பு மட்டும் போதாது, பாதையும் வேண்டும். புதிதாகப் பிரிக்கும் ஒவ்வொரு மனைக்கும் வாகனம் வரக்கூடிய வழி காட்ட வேண்டும். 1986 விதிமுறையில் ஆகச் சிறிய வழி 3 மீற்றர், அதாவது நாம் சொல்லும் பத்தடிப் பாதை. அதுவும் நான்கு மனைகள் வரைதான். மனைகளின் தொகை கூடக் கூடப் பாதையின் அகலமும் கூட வேண்டும். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியாக இருந்தால் வீதிகள் நீங்கலாக 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கென ஒதுக்க வேண்டும். அது பெரிய காணி விற்பனையாளர்களுக்கு உரியது. நம் வீட்டுக் காணிகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

காணியில் ஏற்கனவே வீடு இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். புதிய எல்லைக் கோடு விழுந்த பிறகு, இருக்கும் வீட்டுக்கும் எல்லைக்கும் இடையில் பின்புறம் விட வேண்டிய வெளி இருக்க வேண்டும். 1986 விதிமுறைப்படி வீட்டு மனையில் 65 வீதத்துக்கு மேல் கட்டடம் மூடக் கூடாது. வீட்டின் நடுச்சுவரில் எல்லை போட நினைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

எல்லாச் சிறு காணியும் சட்டவிரோதம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. விதிமுறைகள் வருவதற்கு முன்னரே தனிப் பிளானும் தனி உறுதியும் கொண்டிருந்த சிறு மனைகளின் கணக்கு வேறு. குறைந்த வருமானக் குடியிருப்புகளும் வேறு. 1984இல் பிரேமதாசவின் காலத்தில் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், கொழும்பின் வத்தைகளில் வாழ்ந்தவர்களுக்காக 2 பேர்ச் அளவான மனைகளும் விசேட திட்டத்தின் கீழ் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஆகவே “பக்கத்து வீட்டுக்காரருக்கு 2 பேர்ச்சுக்கு உறுதி இருக்கிறதே” என்று வாதாடுவதற்கு முன், அவருடையது எந்த வருடத்துப் பிளான், எந்தத் திட்டத்தின் கீழ் கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

எங்கள் 12 பேர்ச் கணக்கு

வாப்பா மரணிக்கும்போது உம்மா உயிருடன் இருந்தார். நானாவும் நானும் இரண்டு ஆண்கள். ராத்தாவும் இரண்டு தங்கச்சிகளுமாக மூன்று பெண்கள். வாப்பாவின் பெற்றோர் முன்னரே மரணித்துவிட்டனர். மௌலவி ஒருவர் ஐந்து நிமிடத்தில் கணக்கைப் போட்டுத் தந்தார். பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிகுதி எட்டில் ஏழு பிள்ளைகளுக்கு. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற அடிப்படையில் பிள்ளைகளின் பங்குகள் மொத்தம் ஏழு. ஆக மொத்தக் காணி எட்டுப் பங்கு. உம்மாவுக்கு 1, ஆண்களுக்கு 2 வீதம் 4, பெண்களுக்கு 1 வீதம் 3.

12 பேர்ச்சை எட்டால் பிரித்தால் ஒரு பங்கு 1.5 பேர்ச். உம்மாவுக்கு 1.5, ராத்தாவுக்கும் தங்கச்சிகளுக்கும் 1.5 வீதம், நானாவுக்கும் எனக்கும் 3 வீதம். ஆறு பேர்ச் யாருக்கும் இல்லை. இதை நான் அன்று கவனிக்கவில்லை. விதிமுறையைக் காட்டி ராத்தாவுக்குப் பங்கு இல்லை என்று சொன்ன எனக்கும் அதே விதிமுறைப்படி தனி மனை இல்லை. தடை எல்லாருக்கும் பொதுவானது. அதைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் பொருத்திப் பார்த்தது நான்.

சரி, இரண்டாக மட்டும் பிரித்தால்? 12 பேர்ச் என்பது 303.5 சதுர மீற்றர். 150 வீதம் இரண்டு மனை எடுத்தால் 300. மீதி மூன்றரை சதுர மீற்றர்தான். காணி வீதியோரமாக 12 மீற்றருக்கு மேல் அகலமாக இருந்து, இரண்டு மனையும் பக்கம் பக்கமாக வீதியைப் பார்த்தால் இது சரிவரலாம். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் என்றால் பின் மனைக்குப் பத்தடிப் பாதை விட வேண்டும். 15 மீற்றர் நீளத்துக்குப் பாதை விட்டால் 45 சதுர மீற்றர், ஏறத்தாழ 1.8 பேர்ச் பாதைக்கே போய்விடும். அதன்பின் இரண்டு மனைக்கு இடமில்லை. எங்கள் காணி ஒடுக்கமும் நீளமும் ஆனது. அந்த நில அளவையாளர் சொன்னதில் தவறில்லை.

இந்த விதிமுறை நியாயமானதா?

ஒரு சாண் காணிக்கும் தவிக்கும் நகரத்தில் ஆறு பேர்ச் எல்லை ஏழைகளுக்கு எதிரானது என்று சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் இதன் பின்னணியையும் பார்க்க வேண்டும். 1914இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. நெருக்கமான, காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடுகள் உயிருக்கு ஆபத்து என்பது கண்முன்னே தெரிந்தது. 1915இல் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. கட்டடத்துக்கு அனுமதி, வெளிச்சம் வருவதற்கான வெளி, ஆகக் குறைந்த வீதி அகலம் என்று இன்று நாம் காணும் கட்டுப்பாடுகளின் வேர் அங்கே இருக்கிறது.

எங்கள் பகுதி தாழ்ந்த நிலம். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் எப்படி மூழ்கின என்பதை நாம் மறக்கவில்லை. பள்ளிவாசல்களிலிருந்து படகுகளில் உணவு கொண்டு போன நாட்கள் அவை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீத்தொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். தண்ணீர் போக வழியில்லாமலும், தீயணைப்பு வண்டி வர வழியில்லாமலும் வீடுகளை நெருக்கினால் பாதிக்கப்படுவது நம் பிள்ளைகள்தான். விதிமுறையை வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதைப் பங்கு கொடுக்காமல் இருப்பதற்குச் சாட்டாகப் பயன்படுத்துவதைத்தான் வெறுக்கிறேன்.

பங்கு வேறு, மனை வேறு

உயில் எழுதாமல் மரணித்த முஸ்லிமின் வாரிசுரிமை பற்றி இந்நாட்டில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. மரணித்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அந்த மத்ஹபின் முஸ்லிம் சட்டப்படியே வாரிசுரிமை தீர்மானிக்கப்படும் என்று அது சொல்கிறது. இலங்கையில் நம்மில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். ஆகவே அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம், 12ஆம் வசனங்களில் சொல்லப்பட்ட பங்குகள் வெறும் மார்க்க உபதேசமாக நிற்கவில்லை. அவை நீதிமன்றத்தில் நிலைநாட்டக்கூடிய உரிமைகள். அதே அத்தியாயத்தின் 7ஆம் வசனம், சொத்து சிறியதானாலும் பெரியதானாலும் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்ற கருத்தைத் தெளிவாகச் சொல்கிறது. காணி சிறியது என்பது காரணமாகாது என்று அங்கேயே பதில் இருக்கிறது.

கடன், ஜனாஸாச் செலவு, வஸிய்யத் போன்றவை போக, சொத்தின் உரிமை மரணத்துடனேயே வாரிசுகளுக்குச் சென்றுவிடுகிறது. பிளான் பாஸ் ஆவதற்காக அது காத்திருப்பதில்லை. பிரிக்கப்படாத எட்டில் ஒரு பங்கு என்று ஒருவர் பெயரில் உரிமை இருக்க முடியும். எங்கே எல்லை என்று காட்ட முடியாவிட்டாலும், முழுக் காணியின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் ராத்தாவுக்கு எட்டில் ஒன்று உண்டு. யூ.டீ.ஏ. விதிமுறை தடுப்பது நிலத்தில் கோடு போடுவதைத்தான். உரிமையில் பங்கு இருப்பதை அது தடுக்கவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதல் வழி, கூட்டு உரிமையை எழுத்தில் வைப்பது. சொத்தின் பெறுமதி சட்டம் குறிக்கும் எல்லையைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமென்டரி வழக்கு வைத்து, எல்லா வாரிசுகளின் பெயரையும் பங்கையும் பதிய வேண்டும். காணியைப் பிரிக்காமலே இதைச் செய்யலாம். வாடகை வந்தால் பங்குப்படி பிரிக்கலாம். சபையின் வரியையும் அதே பங்குப்படி கட்டலாம்.

இரண்டாவது வழி, ஒருவர் மற்றவரின் பங்கை விலைக்கு வாங்குவது. பராஇத் நூல்களில் தகாருஜ் என்று சொல்வார்கள். ஒரு வாரிசு, தன் பங்குக்குப் பதிலாக ஒரு தொகையை மனப்பூர்வமாக ஏற்று விலகிக்கொள்வது. இதில் நேர்மை வேண்டும். இன்றைய சந்தை விலையை வெளியார் ஒருவரைக் கொண்டு மதிப்பிட வேண்டும். வாப்பா வாங்கிய காலத்து விலையைச் சொல்லித் தங்கச்சியிடம் கையெழுத்து வாங்குவது கொள்முதல் அல்ல. பணத்தைத் தவணையில் கொடுப்பதாக இருந்தாலும் அதை எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி உரிமை மாறுவதற்கு நொத்தாரிஸ் முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்ட உறுதி வேண்டும். வாய்ச் சொல்லும், வெற்றுக் கடதாசியில் போட்ட கையெழுத்தும், பள்ளிவாசல் புத்தகத்தில் எழுதிய குறிப்பும் காணியை மாற்றாது.

மூன்றாவது வழி, மாடிகளாகக் கட்டித் தனித்தனி உறுதி எடுப்பது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனை உரிமைச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. நிலம் பொதுவாக இருக்கும், ஒவ்வொரு வீடும் தனித்தனி உரிமையாக இருக்கும். கட்டடத்துக்கு முறையான அனுமதியும், கட்டி முடிந்த பிறகு ஸீ.ஓ.ஸீ. என்று சொல்லப்படும் இணக்கச் சான்றிதழும், மாடிமனைப் பிளானும் வேண்டும். எத்தனை மாடி, எத்தனை வீடு என்பதைக் காணியின் அளவும் முன்னாலுள்ள வீதியின் அகலமும் தீர்மானிக்கும். முதலில் கட்டிவிட்டுப் பிறகு அனுமதி எடுக்கலாம் என்று நினைத்தால், அடித்தளத்திலேயே பிழைத்துவிடும்.

நான்காவது வழி, எல்லாரும் சம்மதித்து முழுக் காணியையும் விற்றுப் பணத்தைப் பங்கிடுவது. பணத்துக்கு ஆறு பேர்ச் எல்லை இல்லை. வாப்பாவின் வீடு போகிறதே என்று மனம் வலிக்கும். ஒரு சகோதரி வாடகை வீட்டில் இருக்கும்போது அவரின் பங்கு சுவருக்குள் முடங்கிக் கிடப்பதும் வலிதான்.

இவை எதற்கும் உடன்படாவிட்டால் கடைசி வழி பாகப்பிரிவினை வழக்கு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எந்தக் கூட்டு உரிமையாளரும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். பங்கு எவ்வளவு சிறியது என்பது தடையல்ல. காணியைப் பிரித்துக் கொடுக்க முடியாத நிலையில் நீதிமன்றம் விற்பனைக்குக் கட்டளையிடலாம். மதிப்பிட்ட விலையில் வாங்கும் முதல் வாய்ப்பு கூட்டு உரிமையாளர்களுக்கே. அதன்பின்தான் பொது ஏலம். ஆனால் இந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும். பேசித் தீர்ப்பதே நல்லது என்று சொல்வதற்கு இதுவே போதும்.

உயிருடன் இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கும் வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நன்கொடை உறுதியில் மீளப் பெற முடியாதது என்று எழுதப்பட்டிருந்தால் ஒழிய அது அப்படிக் கருதப்படாது. ஹிபா எழுதும்போது இதை நொத்தாரிஸிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளைகள் பெயரில் மட்டும் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, பெண் பிள்ளைகளுக்குக் கலியாணச் செலவைக் கணக்குக் காட்டுவது நீதியா என்று ஆலிம்களிடமும் கேளுங்கள்.

செய்யக் கூடாதவை

நம் ஒழுங்கைகளில் நடப்பது என்னவென்றால், பிளான் பாஸ் ஆகாது என்று தெரிந்ததும் சகோதரர்கள் தாமே நடுவில் மதில் எழுப்பிவிடுகிறார்கள். பிறகு ஒருவர் தன் பக்கத்தை “பிரிக்கப்படாத பங்கு” என்று உறுதி எழுதி வெளியாருக்கு விற்கிறார். வாங்குபவர் மதிலைப் பார்த்து அது தனக்குரிய மூன்று பேர்ச் மனை என்று நினைக்கிறார். சட்டத்தின் கண்ணில் அந்த மதில் ஒரு எல்லையே அல்ல. காணிப் பதிவகத்தில் உறுதி பதிவாவது வேறு, சபை அதைத் தனி மனையாக ஏற்பது வேறு. வீடு கட்டப் பிளான் கொடுத்தால் மற்ற உரிமையாளர்களின் சம்மதம் கேட்பார்கள். வங்கிக் கடனுக்குப் போனால் அங்கீகரிக்கப்பட்ட பிளான் கேட்பார்கள். நாளை ஒரு சகோதரி பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், வாங்கியவரும் அதில் ஒரு தரப்பாவார்.

எங்கள் பகுதியில் காணி வாங்குபவர்கள் ஆகக் குறைந்தது இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்: சபை அங்கீகரித்த பிளான், 30 வருடத்துக்கான காணிப் பதிவகப் பதிவுகள், வீதிக் கோடு மற்றும் கட்டட எல்லைச் சான்றிதழ், காணி சபைக்கு உரித்தாகவில்லை என்ற சான்றிதழ், வரிப் பதிவேட்டின் பிரதி. தாழ்ந்த நிலமாக இருந்தால் நிரப்புவதற்கு காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பவரின் சகோதரிகள் எங்கே, அவர்கள் கையெழுத்திட்டார்களா என்று கேளுங்கள்.

காலம் போனால் உரிமை போகுமா?

“இருபது வருடமாக நான்தான் இந்த வீட்டில் இருக்கிறேன், இனி இது என்னுடையது” என்று சொல்லும் சகோதரர்களும் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் பத்து வருடக் கணக்கை அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் கூட்டு உரிமையாளர்களுக்கிடையில் அது அப்படி வேலை செய்யாது. கொரயா எதிர் அப்புஹாமி என்ற வழக்கில் பிரிவி கவுன்சில் 1911இல் வழங்கிய தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கூட்டு உரிமையாளர் ஒருவரின் இருப்பு, சட்டத்தில் எல்லாருடைய இருப்பாகவே கருதப்படும். மற்றவர்களை வெளியேற்றியதற்குச் சமமான ஒரு செயல் இல்லாமல், வெறுமனே குடியிருப்பதால் அது மாறாது.

சகோதரிகளும் இதை நம்பி வாளாவிருக்க வேண்டாம். 1918இன் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கில், மிக நீண்ட காலத் தனி அனுபவிப்பும் ஏனைய சூழ்நிலைகளும் சேர்ந்தால் மற்றவர்கள் வெளியேற்றப்பட்டதாக நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று சொல்லப்பட்டது. ஆகவே வருடங்களைக் கடத்தாமல், பங்கு இருக்கிறது என்பதை ஏதாவது ஓர் எழுத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வாடகையில் பங்கு பெற்றதற்கான பற்றுச்சீட்டு, வரி கட்டிய ரசீது போன்றவையும் பின்னால் உதவும்.

ஜமாஅத்தும் சபையும் செய்யக்கூடியவை

மரணம் நடந்த வீட்டில் கத்தம், கஞ்சி எல்லாவற்றுக்கும் ஆள் வருகிறார்கள். வாரிசுப் பட்டியல் எழுத யாரும் வருவதில்லை. ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரு ஆலிம், ஒரு நொத்தாரிஸ், ஒரு நில அளவையாளர் மூவரையும் வைத்து, இத்தா முடியும் காலத்துக்குள் குடும்பத்தை உட்கார வைத்துப் பங்குகளை எழுதிக் கொடுத்தால் பாதிப் பிணக்குகள் பிறக்காது. அந்த இருக்கையில் பெண்களும் இருக்க வேண்டும். அவர்களின் கணவன்மாரோ சகோதரர்களோ வந்தால் போதும் என்று விடக் கூடாது.

சபைகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. மனைப் பிரிப்பு விதிமுறைகளைத் தமிழில் எளிய துண்டுப் பிரசுரமாகக் கருமபீடத்தில் வைக்கலாம். பத்து, பன்னிரண்டு பேர்ச் காணிகளில் ஒரே குடும்பத்தின் வாரிசுகள் சேர்ந்து மாடிவீடு கட்டுவதற்கு, கட்டணத்திலும் நடைமுறையிலும் இலகுவான வழி ஒன்றைத் திட்டமிடலாம். கொழும்பின் வத்தைகளுக்காக ஒரு காலத்தில் 2 பேர்ச் மனையை ஏற்ற நாடு இது. காற்றையும் வெளிச்சத்தையும் பாதையையும் விட்டுக்கொடுக்காமல் குடும்பங்களுக்கு வழிகாட்ட முடியும்.

எங்கள் வீட்டில் நடந்தது

ராத்தா கேட்ட கடதாசி கிடைக்கக் கொஞ்சம் காலம் எடுத்தது. உம்மா உட்பட ஆறு பேரின் பெயரும் பங்கும் முறையாகப் பதியப்பட்டன. தங்கச்சிமார் இருவரும் பணமாக எடுக்க விரும்பினார்கள். வெளியாரைக் கொண்டு விலை மதித்து, நானா ஒருவருடைய பங்கையும் நான் மற்றவருடைய பங்கையும் தவணையில் வாங்கினோம். கடைசித் தவணை முடிந்த அன்றுதான் உறுதி எழுதினோம். ராத்தா தன் பங்கை விற்கவில்லை. வீட்டின் முன் அறையைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அந்த வாடகை எட்டாகப் பிரிகிறது. நானாவுக்கு மூன்று, எனக்கு மூன்று, ராத்தாவுக்கு ஒன்று, உம்மாவுக்கு ஒன்று. காணியில் ஒரு கோடும் போடவில்லை. சபைக்குப் பிரிப்புப் பிளான் ஒன்றும் போகவில்லை.

அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்துக்கொண்டவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் வருகிறது. பள்ளிவாசலில் அதைக் கேட்கும்போதெல்லாம் பக்கத்து வளவுக்காரரின் வேலியை நகர்த்துபவரைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். ராத்தாவின் ஒன்றரைப் பேர்ச் என் நினைவுக்கு வந்ததே இல்லை. எங்கள் ஊரில் இப்போது எத்தனையோ வீடுகளில் ஒரு சகோதரன் தன் சகோதரியிடம் “பிளான் பாஸ் ஆகாதாம்” என்று சொல்லிக்கொண்டிருப்பான். அந்த வாக்கியத்தை அங்கேயே நிறுத்திவிடாமல், “ஆனால் உங்கள் பங்கு இவ்வளவு, இதை இப்படி எழுதுவோம்” என்று முடிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.